நொடிக்குள் பிபி-யைச் சரிசெய்யும் அனிச்சை இருந்தும் உயர் ரத்த அழுத்தம் ஏன் வருகிறது?

கேள்விக்குறி

நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ரத்த ஓட்டப் பாடத்தில் பாரோரிஃப்ளெக்ஸ் பகுதிக்கு வந்திருக்கிறேன். பாடத்தில் இருப்பது புரிகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் அழுத்த உணர்விகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் செய்தி போகிறது, முகுளம் இதயத்தின் வேகத்தைக் குறைத்து ரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறது. இறங்கினால் நேர்மாறாக நடக்கிறது. தேர்வுக்கு இது போதும், எனக்குத்தான் போதவில்லை.

மூன்று சந்தேகங்கள். இவ்வளவு வேகமான ஏற்பாடு எல்லார் உடம்பிலும் இருக்கும்போது உயர் ரத்த அழுத்தம் என்ற நோயே எப்படி வருகிறது? படுத்திருந்து சட்டென்று எழுந்தால் நல்ல ஆரோக்கியமானவருக்கும் கண் இருட்டுகிறதே, அந்த நேரத்தில் இந்த அனிச்சை எங்கே போனது? ஓடும்போது பிபி-யும் ஏறுகிறது, நாடியும் ஏறுகிறது. பாடப்படி பார்த்தால் பிபி ஏறியதும் நாடி இறங்க வேண்டாமா?

வகுப்பில் கேட்டதற்கு, அது சிலபஸில் இல்லை என்றார்கள். அதனால் இங்கே.

தியேட்டர்வாசி

நல்ல கேள்விகள். நான் மயக்க மருந்துப் பிரிவில் வேலை பார்ப்பவன். இந்த அனிச்சை மழுங்கினால் என்ன ஆகும் என்பதைத் தினமும் மானிட்டரில் பார்க்கிறேன். இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் நொடிக்கணக்கு தெளிவாகத் தெரியும்.

எழுந்து நின்றதும் அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை ரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிச் சிரைகளுக்கும் இறங்கிவிடும். அந்த அளவுக்கு இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, அடுத்தடுத்த துடிப்புகளில் வெளியே தள்ளும் அளவும் குறைகிறது. இதோடு இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது. படுத்திருக்கும்போது கழுத்தும் இதயமும் ஒரே மட்டம். நின்றால் கழுத்து உணர்வி இதயத்தைவிட 25 சென்டிமீட்டர் அளவுக்கு மேலே போய்விடுகிறது. ரத்தத்தின் எடையால் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சுமார் 0.77 மி.மீ. பாதரசம் குறையும். ஆக, இதய மட்டத்தில் அழுத்தம் மாறவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், கழுத்து உணர்விக்கு மட்டும் ஏறக்குறைய 20 மி.மீ. இறங்கியதாகத் தெரியும். மூளை அதற்கும் மேலே இருக்கிறது. முதல் உணர்விக்கூட்டம் மூளைக்குப் போகும் குழாயிலேயே அமைந்திருப்பது வீண் இல்லை.

இப்போது பதில் நடவடிக்கை. இதில் இரண்டு கைகள் உண்டு, இரண்டுக்கும் வேகம் வேறு. இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி தளர்ந்து நாடி ஏறுவது அடுத்த ஓரிரு துடிப்புக்குள்ளேயே தொடங்கிவிடும். பரிவு நரம்புகள் வழியாகக் குழாய்களைச் சுருக்குவது அப்படி இல்லை. ஆரம்பிக்கவே இரண்டு மூன்று நொடி, முழு வீச்சுக்கு வரப் பத்து நொடிக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் உன் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நின்று ஏறத்தாழ பத்தாவது நொடியில் அழுத்தம் அடிமட்டத்துக்குப் போகும், அரை நிமிடத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். கண் இருட்டுவது அந்தப் பள்ளத்தில்தான். அனிச்சை எங்கேயும் போகவில்லை. வந்துகொண்டிருக்கிறது.

பாதிராத்திரி

ஒரு அடிப்படைச் சந்தேகம், சிரிக்காதீர்கள். ரத்தக்குழாய்க்குள் அழுத்தத்தை எப்படி "அளக்க" முடியும்? பிபி மெஷின் மாதிரி உள்ளே எதுவும் இல்லையே?

பழைய ஸ்டெத்

சிரிக்க என்ன இருக்கிறது, ரொம்ப நாள் பெரிய பெரிய ஆட்களுக்கே விடை தெரியாத கேள்வி அது.

அழுத்தத்தை அளப்பதே இல்லை. சுவர் எவ்வளவு விரிகிறது என்பதைத்தான் உணர்கின்றன. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், உள் கிளையின் தொடக்கம் சற்றே புடைத்திருக்கும். அங்கே சுவரில் தசை குறைவு, மீள்தன்மை அதிகம். அந்தச் சுவருக்குள் நரம்பு முனைகள் பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் சுவர் விரியும்போது முனைகள் இழுபடுகின்றன, சவ்விலுள்ள அயனி வாயில்கள் திறக்கின்றன, மின்துடிப்பு கிளம்புகிறது. அந்த வாயில்கள் எவை என்பது சமீபத்தில்தான் பிடிபட்டது. பீசோ1, பீசோ2 என்ற இரண்டு புரதங்களையும் சேர்த்து நீக்கிய எலிகளில் இந்த அனிச்சை அடங்கிப் போனதை 2018-இல் காட்டினார்கள். பீசோ புரதங்களைக் கண்டுபிடித்த ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது. தொடு உணர்வுக்காக என்று செய்திகளில் வந்ததே, அதே ஆள்.

இன்னொன்று. உணர்வி அழுத்தத்தின் அளவை மட்டும் சொல்வதில்லை, அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் சொல்கிறது. அழுத்தம் 110-இல் நிலையாக இருக்கும்போது வரும் துடிப்புகளைவிட, ஏறிக்கொண்டே 110-ஐக் கடக்கும்போது வரும் துடிப்புகள் அதிகம். "திடீர்" மாற்றத்தைப் பிடிக்கவே அமைந்த உறுப்பு. இதை நினைவில் வைத்தால் தம்பியின் முதல் கேள்வி பாதி அவிழ்ந்துவிடும்.

கேள்விக்குறி

தங்கை, சார். :)

அந்தச் செய்தி போகும் பாதையையும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். புத்தகப் படத்தில் அம்புக்குறிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன.

தியேட்டர்வாசி

கழுத்திலிருந்து ஒன்பதாம் கபால நரம்பு, பெருந்தமனி வளைவிலிருந்து பத்தாம் நரம்பான வேகஸ். இரண்டும் முகுளத்தில் சாலிட்டரி நியூக்ளியஸ் என்ற நரம்புக் கூட்டத்தில் போய்ச் சேர்கின்றன. அங்கிருந்து இரண்டு வழி பிரியும். ஒன்று, வேகஸ் வழியாக இதயத்துக்குத் திரும்பும் வழி. செய்தி அதிகமானால் இதயத்தின் வேகம் குறையும். நேரான வழி என்பதால்தான் வேகம். இன்னொன்று கொஞ்சம் சுற்று. முகுளத்தின் முன்பக்கவாட்டில் மேலே ஒரு நரம்புக் கூட்டம் ஓயாமல் பரிவு நரம்புகளைத் தூண்டிக்கொண்டே இருக்கும், குழாய்கள் எப்போதும் ஓரளவு சுருங்கியிருப்பதற்கு அதுதான் காரணம். கழுத்துச் செய்தி நடுவில் ஒரு தடுப்பு நரம்புக் கூட்டத்தை எழுப்பி, அதன் மூலம் இந்தத் தூண்டலை அடக்குகிறது.

எனவே அழுத்தம் இறங்கும்போது உணர்வி "சுருக்கு" என்று கட்டளை போடுவதில்லை. அது மௌனமாகிறது. மௌனமானதும் அடக்கும் கை விலகுகிறது, எப்போதும் ஓடிக்கொண்டிருந்த தூண்டல் அவிழ்ந்து வருகிறது. படத்தில் அம்புகள் குழப்புவதற்குக் காரணம் இந்த இரட்டை எதிர்மறைதான். இதை ஒரு தடவை பிடித்துக்கொண்டால் தேர்வில் எப்படிக் கேட்டாலும் தப்பாது. உணர்வி நரம்பை வெட்டினால் உடனடியாக பிபி ஏறுமா இறங்குமா என்பார்கள். ஏறும்.

பழைய ஸ்டெத்

வெட்டுவது என்றதும் கை அரிக்கிறது, கொஞ்சம் பழங்கதை. 1866-இல் லைப்சிக்கில் கார்ல் லுட்விக்கின் ஆய்வகத்தில் எலியாஸ் சியோன் முயலின் கழுத்தில் ஒரு மெல்லிய நரம்பைத் துண்டித்தார். இதயப் பக்கமிருந்த முனையைத் தூண்டினால் ஒன்றும் இல்லை. மூளைப் பக்கமிருந்த முனையைத் தூண்டினால் அழுத்தம் விழுந்தது, இதயமும் மெதுவானது. அதாவது அந்த நரம்பு இதயத்துக்குக் கட்டளை கொண்டுபோகவில்லை, அங்கிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகிறது. இரண்டு முனையையும் தனித்தனியே தூண்டிப் பார்க்கும் அந்த எளிமை எனக்கு இன்றும் பிடிக்கும்.

கழுத்தை அழுத்தினால் நாடி குறைவதை ரொம்ப நாளாகவே கவனித்திருந்தார்கள். வேகஸ் நரம்பே விரலில் நசுங்குவதாகத்தான் நம்பிக்கை. 1920-களில் ஹெரிங் என்ற உடலியலாளர் அது நரம்பு இல்லை, தமனியின் அந்தப் புடைப்புதான் என்று நிறுவினார். பிறகு பெல்ஜியத்தில் கோர்னேய் ஹெய்மன்ஸ். அவருக்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் கிடைத்தது, ஆனால் பரிசு மூச்சைப் பற்றிய வேலைக்கு. அதே இடத்துக்குப் பக்கத்தில் ஆக்சிஜனை உணரும் வேறொரு உறுப்பும் இருக்கிறது. இரண்டையும் மாணவர்கள் குழப்பிக்கொள்வது வருடா வருடம் நடக்கும் திருவிழா.

கேள்விக்குறி

சரி, பாதை புரிந்தது. முதல் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. இத்தனை கச்சிதமான ஏற்பாடு ஏன் உயர் அழுத்தத்தைத் தடுக்கவில்லை?

நெஃப்ரான் ரசிகன்

தடுப்பது அதன் வேலையே இல்லை என்பதால்.

1973-இல் கௌலி, லியார்ட், கைட்டன் மூவரும் செய்த ஒரு சோதனை. நாய்களில் இந்த உணர்வி நரம்புகளை எல்லாம் நீக்கிவிட்டு, 24 மணி நேரமும் தொடர்ச்சியாக அழுத்தத்தைப் பதிவு செய்தார்கள். சாதாரண நாயில் அழுத்தம் பெரும்பாலான நேரம் 100-ஐ ஒட்டியே இருந்தது. நரம்பு நீக்கிய நாயில் 50 வரை விழுந்தது, 160-ஐத் தாண்டியும் போனது. எழுந்தால், சத்தம் கேட்டால், சாப்பிட்டால், எதற்கெடுத்தாலும் ஆட்டம். ஆனால் நாள் முழுக்கச் சராசரி எடுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை!

வண்டியின் ஷாக் அப்சார்பர் மாதிரி. குலுக்கலைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் சாலை எந்த உயரத்தில் ஓட வேண்டும் என்பதை அது முடிவு செய்வதில்லை. சராசரியை நீண்ட நாளுக்குத் தீர்மானிப்பது சிறுநீரகம். அழுத்தம் ஏறினால் உப்பும் நீரும் கூடுதலாக வெளியேறும், ரத்தத்தின் கொள்ளளவு குறையும், அழுத்தம் இறங்கும். அந்தச் சமநிலைப் புள்ளி எந்தக் காரணத்தாலோ மேலே நகர்ந்துவிட்டால் அதுதான் உயர் ரத்த அழுத்தம்.

அப்போது கழுத்து உணர்வி என்ன செய்யும்? பழகிவிடும். அழுத்தம் உயர்ந்த இடத்திலேயே நின்றுவிட்டால் ஓரிரு நாளில் அதன் எல்லைகளும் மேலே நகர்கின்றன. முன்பு 95-ஐ இயல்பு என்று காத்தது, இப்போது 130-ஐ இயல்பு என்று காக்கும். அதே விசுவாசம், வேறு எண். இதோடு வருடக்கணக்கில் தமனிச் சுவர் விறைத்துப்போனால் அதே அழுத்தத்துக்கு விரிவு குறையும், செய்தியும் குறையும்.

எதிர்க்கட்சி

கைட்டன் வழிவந்தவர்களின் இந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் தட்டிக் கேட்கிறேன். "உணர்வி பழகிவிடும், எனவே நீண்ட காலத்துக்கு அதற்கும் பிபி-க்கும் சம்பந்தம் இல்லை" என்பது நாற்பது வருடமாகப் புத்தகங்களில் ஒப்பிக்கப்பட்டது. ஆனால் கழுத்துப் புடைப்பின்மேல் மின்முனை வைத்து இடைவிடாமல் தூண்டிய நாய்களில் அழுத்தம் நாள்கணக்கில், வாரக்கணக்கில் குறைந்தே இருந்தது. சம்பந்தமே இல்லை என்றால் இது எப்படி?

நெஃப்ரான் ரசிகன்

அது உணர்வியை ஏமாற்றும் வேலை. பழகுவது பெரும்பாலும் உணர்வி மட்டத்தில் நடக்கிறது. மின்முனை அந்தக் கட்டத்தையே தாண்டிப் போய் நரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. இயற்கையில் அப்படி நடப்பதில்லை.

எதிர்க்கட்சி

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பாதையின் மீதிப் பகுதி பழகாமல் இருக்கிறது என்பதுதான் என் வாதமே. முகுளம் அந்தச் செய்தியை வாரக்கணக்கில் மதிக்கிறது, பரிவு நரம்புகளை அடக்குகிறது, அந்த அடக்கம் சிறுநீரகத்துக்குப் போகும் நரம்புகளுக்கும் சேர்த்துத்தான். சிறுநீரகம் சுரக்கும், அழுத்தத்தை ஏற்றும் ரெனின் குறையும், உப்பை வெளியேற்றுவது எளிதாகும். ஆக நீங்கள் சொல்லும் சிறுநீரகப் புள்ளியையே இந்த அனிச்சையால் நகர்த்த முடியும். வேகமானது வேறு, மெதுவானது வேறு என்று நடுவில் சுவர் எழுப்ப முடியாது. உணர்வியும் மனிதர்களில் முழுதாகவா பழகிவிடுகிறது? அதுவும் இல்லை.

நெஃப்ரான் ரசிகன்

இது நியாயம். சுவர் வேண்டாம், வாசல் வைத்துக்கொள்வோம். ஆனால் மருத்துவத்தில் என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள். மாத்திரைக்கு அடங்காத உயர் அழுத்தத்துக்கு அந்த மின்முனைக் கருவியைப் பொருத்திச் செய்த பெரிய சோதனை 2011-இல் வெளிவந்தபோது, முன்கூட்டி வைத்த இலக்குகள் எல்லாவற்றையும் எட்டவில்லை. அழுத்தம் குறைந்தது உண்மை, ஆனால் உடனடிப் பலனிலும், பொருத்தும் அறுவைசிகிச்சையின் பாதுகாப்பிலும் இலக்கு தவறியது. அடுத்த தலைமுறைக் கருவிக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது உயர் அழுத்தத்துக்கு இல்லை, இதயச் செயலிழப்புக்கு.

தியேட்டர்வாசி

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நோயாளி வகையை வைக்கிறேன். கழுத்தில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்கள், இரண்டு பக்கமும் கழுத்துத் தமனி அறுவைசிகிச்சை ஆனவர்கள், இவர்களில் சிலருக்கு இந்த அனிச்சை அறுந்துபோகும். சின்னக் கோபம், வலி, ஏன், கணக்குப் போடச் சொன்னால் கூட 200-ஐத் தாண்டும். தூங்கினால் கிடுகிடுவென்று இறங்கும். 1973 நாய்களின் கதைதான், மனித உடம்பில். இவர்களுக்கு ஒரு தடவை எடுத்த பிபி-யை வைத்து மருந்து எழுதினால் விபரீதம்.

மூத்தமகள்

எல்லாரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள், நடுவில் என் கவலையைச் சொல்லிக்கொள்கிறேன். அப்பாவுக்கு 74 வயது. சர்க்கரை உண்டு. பிபி மாத்திரையோடு போன மாதம் புராஸ்டேட்டுக்கும் ஒரு மாத்திரை சேர்த்தார்கள். அதிலிருந்து காலையில் எழுந்தால் தள்ளாடுகிறார். உட்கார வைத்துப் பார்த்தால் பிபி நார்மல். "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று அனுப்பிவிடுகிறார்கள். நீங்கள் சொல்லும் அனிச்சைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பழைய ஸ்டெத்

உண்டு அம்மா, நேரடியான சம்பந்தம். உட்கார்ந்து எடுத்த எண்ணில் இது தெரியவே தெரியாது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து பிபி-யும் நாடியும் எடுங்கள். எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி எடுங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல் எண் 20-க்கோ கீழ் எண் 10-க்கோ குறையாமல் இறங்கினால் அது நிற்கும்போது வரும் தாழ் அழுத்தம். எண்களை எழுதி எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். "தள்ளாடுகிறார்" என்ற சொல்லுக்குக் கிடைக்காத கவனம் அந்தத் தாளுக்குக் கிடைக்கும்.

நாடியையும் எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அழுத்தம் இறங்கும்போது நாடி நன்றாக ஏறினால் அனிச்சை வேலை செய்கிறது, நீர்ச்சத்துக் குறைவோ மருந்தோ காரணமாக இருக்கலாம். அழுத்தம் 30 இறங்கியும் நாடி ஏழெட்டுதான் ஏறியது என்றால் நரம்பே தளர்ந்திருக்கலாம். மேல் எண் இறங்கும் ஒவ்வொரு மி.மீ.-க்கும் நாடி அரைத் துடிப்புகூட ஏறவில்லை என்றால் அந்தச் சந்தேகம் வலுக்கும். ஆனால் நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. பல வருடச் சர்க்கரை இந்த நரம்புகளையும் அரிக்கும், காலில் மட்டும் இல்லை.

புராஸ்டேட் மாத்திரைகளில் ஒரு வகை ரத்தக்குழாய் சுருங்கும் வழியையும் தடுக்கும். அனிச்சை "சுருங்கு" என்று சொன்னாலும் குழாயின் காதில் விழாது. அதற்காக நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். மருந்தை மாற்றுவதா, நேரத்தை மாற்றுவதா என்று எழுதித் தருபவர் முடிவு செய்யட்டும். அதுவரை, எழுந்ததும் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு நிற்கட்டும். ராத்திரி கழிவறைக்குத் தனியாக விடாதீர்கள்.

மூத்தமகள்

படுக்க வைத்து எடுக்க வேண்டும் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. நாளைக் காலை எடுக்கிறேன். நன்றி சார்.

பாதிராத்திரி

கழுத்தில் புடைப்பு இருக்கும் இடத்தை நாமே அழுத்தினால் பிபி இறங்குமா? படபடப்புக்குச் செய்யலாம் என்று எங்கோ வீடியோ பார்த்தேன்.

தியேட்டர்வாசி

கையை எடுங்கள். நாடி இறங்கும், சிலருக்கு இதயம் மூன்று நொடிக்கு மேல் நின்றே போகும். தமனியில் கொழுப்புப் படிவு இருந்தால் அது பெயர்ந்து மூளைக்குப் போகலாம். மருத்துவர்கள் செய்வதுண்டு, ஆனால் இசிஜி ஓடும்போது, ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்ட பிறகு, ஒரு சமயத்தில் ஒரு பக்கம் மட்டும். வயதானவர்களில் சிலருக்கு அந்த இடம் ரொம்பக் கூருணர்வு. இறுக்கமான காலர் போட்டுக் கழுத்தைத் திருப்பினாலே மயங்கி விழுவார்கள்.

ஒருவகைப் படபடப்புக்கு இதே அனிச்சையைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் வழி வால்சால்வா. மூச்சை அடைத்து முக்குவது. முக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்கு ரத்தம் திரும்புவது குறையும், பிபி இறங்கும், குழாய்கள் சுருங்கும், நாடி ஏறும். விட்டதும் திரும்பி வரும் ரத்தம் சுருங்கிய குழாய்களுக்குள் பாயும், அழுத்தம் குபீரென்று எகிறும், வேகஸ் ஓங்கி ஒரு பிரேக் போடும். அந்த பிரேக்தான் படபடப்பை அறுக்கிறது. 2015-இல் வந்த சோதனையில், முக்கி முடித்ததும் ஆளைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிவிட்டார்கள். அவ்வளவுதான் மாற்றம். பழைய முறையில் 17 சதவீதம் பேருக்குச் சரியானது, இதில் 43 சதவீதம். மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. அவசரப் பிரிவில் இதைவிட மலிவான முன்னேற்றத்தை நான் பார்த்ததில்லை.

ஓட்டக்காரி

மூன்றாவது கேள்வியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். அதைத்தான் படிக்க வந்தேன், நீண்ட தூரம் ஓடுபவள் என்பதால்.

எதிர்க்கட்சி

மறக்கவில்லை, எனக்குப் பிடித்த கேள்வி என்பதால் கடைசிக்கு வைத்தேன்.

ஓட ஆரம்பித்ததும் அனிச்சை அணைந்துவிடுகிறது என்றுதான் முன்பு நினைத்தார்கள். அப்படி இல்லை. அதன் கூர்மை அப்படியே இருக்கிறது, காக்கும் புள்ளி மட்டும் மேலே நகர்த்தப்படுகிறது. ஓடும்போது 150-ஐ இயல்பு என்று எடுத்துக்கொண்டு அதைச் சுற்றி வரும் ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும். நகர்த்துவது யார் என்றால் இருவர். ஒருவர் மூளை, தசைக்குக் கட்டளை போகும்போதே முகுளத்துக்கும் ஒரு நகல் போகிறது. அடுத்தவர் தசை, வேலை செய்யும் தசையிலிருந்து இழுவையையும் கழிவுப் பொருள்களையும் உணரும் நரம்புகள் மேலே சொல்கின்றன. உயர் ரத்த அழுத்தத்தில் நாள்கணக்கில் நடக்கும் நகர்வுக்கும் இதற்கும் பெயர் ஒன்றாக இருந்தாலும் வழி வேறு. இது நொடிகளில் நடக்கிறது, மூளைக்குள் நடக்கிறது.

ஓடாமலே இதைப் பார்க்கலாம். ஓடப்போகிறோம் என்று தொடக்கக் கோட்டில் நிற்கும்போதே நாடி ஏறுகிறதே?

ஓட்டக்காரி

அப்படியென்றால் ஓடி முடித்ததும் எல்லைக்கோட்டில் நின்றவர்கள் மயங்கி விழுவது? ஓடும்போது விழாதவர்கள், நின்றதும் விழுகிறார்கள்.

தியேட்டர்வாசி

ஓடும்போது கெண்டைக்கால் தசை இரண்டாவது இதயமாக வேலை செய்கிறது. அசையாமல் நிற்கும்போது பாதச் சிரையில் அழுத்தம் 90 மி.மீ. வரை போகும். நடந்தாலே 30-க்கும் கீழே இறங்கிவிடும், அந்த அளவுக்கு ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகிறது. சட்டென்று நின்றால் பிழிவது நின்றுபோகிறது. ஆனால் தசைக் குழாய்கள் இன்னும் விரிந்தே இருக்கின்றன, தோலும் வெப்பத்தில் விரிந்திருக்கிறது, வியர்வையில் நீரும் போயிருக்கிறது. அனிச்சை காக்கும் புள்ளியும் கீழே இறங்கத் தொடங்கிவிட்டது. எல்லாம் ஒரே நேரத்தில்.

இதோடு சிலருக்கு வேறொன்றும் நடக்கும். ரத்தத்தைப் பார்த்து மயங்குபவர்கள், வெயிலில் நெடுநேரம் நின்று விழுபவர்கள் வகை. இதில் அனிச்சை மெதுவாக இல்லை, தலைகீழாகவே நடக்கிறது. அழுத்தம் இறங்கும்போது நாடி ஏற வேண்டும். ஆனால் நாடியும் விழுகிறது, குழாய்களைச் சுருக்கும் தூண்டலும் விலகுகிறது. ஏன் அப்படி ஒரு சுவிட்ச் உடம்பில் இருக்கிறது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள், எனக்கு எதுவும் நிறைவாகப் படவில்லை.

அறிகுறி தெரிந்ததும் செய்ய வேண்டியது மட்டும் தெளிவு. குமட்டல், வியர்வை, காது அடைப்பது வந்தால் உடனே படுத்துக் காலை உயர்த்த வேண்டும். படுக்க இடம் இல்லையென்றால் கால்களைக் குறுக்காக வைத்துத் தொடையையும் பிட்டத்தையும் இறுக்க வேண்டும், இரண்டு கைவிரல்களையும் கோத்து எதிரெதிராக இழுக்க வேண்டும். விழுந்தவரைத் தூக்கி நிறுத்த முயல்வதுதான் சுற்றி நிற்பவர்கள் செய்யும் மோசமான உதவி. படுத்தால் மூளைக்கு ரத்தம் தானாகப் போகும், நிறுத்தினால் மறுபடி விழுவார்.

கேள்விக்குறி

கெண்டைக்கால் பற்றிச் சொன்னதில் ஒன்று இடிக்கிறது. எழுந்து நிற்பதற்கே கால் தசையைச் சுருக்கித்தானே எழுகிறோம்? அப்போது ரத்தம் மேலே பிழியப்பட்டு பிபி ஏற அல்லவா வேண்டும்? ஏன் பத்தாவது நொடியில் பள்ளம்?

தியேட்டர்வாசி

சபாஷ். ஏறத்தான் செய்கிறது, முதல் ஓரிரு நொடி. கால் தசையும் வயிற்றுத் தசையும் இறுகி ரத்தத்தை வலப்பக்க இதயத்துக்குள் தள்ளுகின்றன. அங்கே இருக்கும் தாழ் அழுத்த உணர்விகள் இழுபட்டு, "ரத்தம் நிறைய இருக்கிறது" என்று நினைத்துக் குழாய்களைத் தளர்த்திவிடுகின்றன. வேலை செய்யும் தசையின் குழாய்களும் விரிகின்றன. அந்தத் தளர்ச்சி அடங்குவதற்குள் ரத்தம் கால்களுக்கு இறங்கிவிடுகிறது. இரண்டும் சேர்ந்ததுதான் பள்ளம். சாய்வு மேசையில் கட்டி, தசையை அசைக்காமல் மெதுவாக நிமிர்த்தினால் இந்த ஆரம்பப் பள்ளம் பெரும்பாலும் வராது. சொந்தக் காலில் எழுந்தால்தான் வரும்.

அதனால்தான் சாய்வு மேசைச் சோதனை நார்மல் என்று வந்த இளவயதுக்காரர்கள், வீட்டில் எழும்போது இருட்டுகிறது என்று சொன்னால் நான் நம்புகிறேன். முதல் 15 நொடிக்குள் மேல் எண் 40-க்கு மேல் விழுந்து எழுந்துவிடும். மூன்றாவது நிமிடத்தில் பட்டை கட்டிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். விரலில் மாட்டித் துடிப்புக்குத் துடிப்பு அளக்கும் கருவி இருந்தால்தான் அது பிடிபடும்.

கேள்விக்குறி

அடுத்த வாரம் செய்முறை வகுப்பில் அந்த விரல் கருவி வருகிறது. படுத்து எழுந்து பதிவு எடுத்ததும் வளைகோட்டை இங்கே போடுகிறேன். முதல் நொடி ஏற்றம் தெரிகிறதா என்று பாருங்கள்.

பழைய ஸ்டெத்

நாடி வளைகோட்டையும் சேர்த்துப் போடு தங்கை. பதினைந்தாவது துடிப்பு வாக்கில் உச்சம், முப்பதாவது வாக்கில் தணிவு தெரிய வேண்டும். அந்த இரண்டு இடங்களிலும் துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளிகளின் விகிதத்தை வைத்தே சர்க்கரை நோயாளிகளின் நரம்பைச் சோதிக்கும் முறை உண்டு. முதலில் உன் வகுப்பில் எல்லாருக்கும் எடு. பிறகு உங்கள் ஆசிரியருக்கும்.